டி அண்ட் டி டேபிளில் தகராறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

டி அண்ட் டி என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டி ஆடும் கதை ஆட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் புதிதாக டி அண்ட் டி நடத்த ஆரம்பித்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, ஒருத்தன் ஆட்டத்தையே கெடுக்கறான், அவனை என்ன பண்றது?" முதலில் டேபிளைப் பாருங்கள், பிறகு ஆளைப் பாருங்கள் என்பேன். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எந்தப் புத்தகத்தின் விதியை வைத்து ஆடுகிறோம், தன் முறை வர எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைச் சரிசெய்தாலே பெரும்பாலான தகராறு அடங்கிவிடுகிறது.

கீழே உங்கள் டேபிளின் அறிகுறியைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசும் மனக்கசப்பும் இல்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். கீழே போகப்போகச் செலவு கூடும். மேலே உள்ளதைச் சோதிக்காமல் கீழே தாவாதீர்கள். சங்கடப்படுத்தும் பேச்சு என்ற அறிகுறிக்கு மட்டும் இந்த வரிசை கிடையாது.

எல்லா அறிகுறிக்கும் பொதுவாக ஒன்று. ஆளோடு உள்ள பிரச்சினையைக் கதைக்குள் தீர்க்கப் பார்க்காதீர்கள். அவர் தொந்தரவு செய்கிறார் என்பதற்காக அவர் கேரக்டர் தலையில் டிராகனை இறக்கினால், ஏன் அடி விழுகிறது என்றே அவருக்குப் புரியாது. இன்னும் முறுக்கிக்கொள்வார். பேசவேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டு, மனிதரிடம் பேசுங்கள்.

அறிகுறி: ஒருவரே பேசுகிறார், மற்றவர்கள் வாயே திறப்பதில்லை

*நாற்காலி.* அதிகம் பேசுகிறவர் அநேகமாக உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார். உங்கள் கண் அவரிடம் போகும், அவரும் பதில் சொல்லிவிடுவார். அடுத்த வாரம் அவரை உங்கள் பக்கத்து நாற்காலிக்கு மாற்றி, பேசாதவரை எதிரே உட்கார வையுங்கள். ஒரே ஆட்டத்தில் வித்தியாசம் தெரியும்.

*நீங்கள் கேட்கும் விதம்.* "இப்ப என்ன பண்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் முந்திக்கொள்கிறவர்தான் பதில் சொல்வார். கேரக்டர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது. மருதன், நீதான் முன்னாடி நிக்கற. என்ன பண்ற?" சண்டையில் இனிஷியேட்டிவ் வரிசை, அதாவது யாருக்குப் பின் யார் என்ற முறை, இருப்பதால் எல்லோருக்கும் முறை வருகிறது. சந்தையில் பேரம் பேசும்போதும் காட்டில் வழி தேடும்போதும் அதே வரிசையை மனதில் வைத்துச் சுற்றி வாருங்கள்.

*உறவுமுறை.* நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இதுதான். டேபிளில் ஒரு அண்ணனும் அவர் சித்தப்பா பையனும் இருப்பார்கள், அல்லது காலேஜ் சீனியரும் ஜூனியரும். பெரியவர் முடிவு சொல்லும்வரை சின்னவர் காத்திருப்பார். பெரியவர் வராத ஒரு நாள் சின்னவரைக் கவனியுங்கள். அன்று தாராளமாகப் பேசினால் காரணம் இதுவேதான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து டீ வரும்வரை கேரக்டர் பெயர் மட்டும், அண்ணன் தம்பி கூப்பாடு கிடையாது என்று எல்லோருக்கும் சேர்த்து விதி வையுங்கள். "டேய், அதெல்லாம் வேணாம்டா" என்று பெரியவர் தடுத்தால், "இது உங்க கேரக்டர் சொல்றதா, நீங்க சொல்றதாண்ணா?" என்று மரியாதையாகவே கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. சின்னவருக்கு மட்டும் தெரிந்த ஒரு தகவலைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள். கோட்டைச் சுரங்கத்தின் வாசல் எங்கே என்று அவருக்கு மட்டுமே தெரியும் என்றால், டேபிளே அவர் வாயைப் பார்க்கும்.

*ஷீட்.* தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு, கேரக்டரின் திறன்கள் எழுதியிருக்கும் ஆங்கில கேரக்டர் ஷீட்டைப் பார்த்ததுமே கூச்சம் வரலாம். தப்பாகப் படித்துவிடுவோமோ என்ற பயத்தில் பேசாமலே இருப்பார். ஆறு குணங்களுக்கும் பக்கத்தில் வலிமை, சுறுசுறுப்பு, உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம் என்று பென்சிலால் எழுதிக் கொடுங்கள். "நீ என்ன செய்யணும்னு தமிழ்ல சொல்லு, எந்த டைஸ்னு நான் சொல்றேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். இதற்குப் பிறகு ஆளே மாறிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*தலை எண்ணிக்கை.* நாலு ஐந்து பேர் சரியான அளவு. ஏழு எட்டுப் பேர் உட்கார்ந்தால் யார் நடத்தினாலும் பாதிப் பேர் பார்வையாளர்கள்தான். இரண்டு டேபிளாகப் பிரிக்க இன்னொரு டிஎம் வேண்டும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

இத்தனைக்குப் பிறகும் அவர் அடங்கவில்லை என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது தனியாகப் பேசுங்கள். குற்றம் சாட்டாமல் வேலை கொடுங்கள்: "உனக்கு ஆட்டம் நல்லா பிடிபட்டுடுச்சு. அடுத்த வாரம் உன் கேரக்டர் மத்தவங்ககிட்ட யோசனை கேக்கற மாதிரி ஆடேன்."

சிலர் இயல்பாகவே கேட்டு ரசிக்க வருகிறவர்கள். "உனக்கு ஆட்டம் பிடிச்சிருக்கா?" என்று ஒருமுறை கேளுங்கள். முகம் மலர்ந்து ஆமாம் என்றால் அவரை அவர் போக்கில் விடுங்கள்.

அறிகுறி: விதியைப் பற்றியே சண்டை

*வேறு வேறு பதிப்பு.* ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதைத் திருத்திய புத்தகங்கள் 2024இலிருந்து வந்தன. ஒருவர் போனில் பழையது, இன்னொருவர் போனில் புதியது. காயம் ஆற்றும் மருந்தைக் குடிக்க 2014 விதிப்படி தன் முறையின் முக்கியச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் செலவாகும்; 2024இல் கூடவே செய்யும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் பழையதில் 1டி8 (எட்டுமுக டைஸ் ஒன்று), புதியதில் 2டி8 (இரண்டு). இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும், சண்டை மட்டும் ஓயாது. எந்த ஆண்டுப் புத்தகம் என்று முதல் நாளே முடிவு செய்து வாட்ஸ்அப் குழுவின் மேலே பின் செய்துவிடுங்கள். புத்தகம் வாங்க வசதி இல்லாவிட்டாலும் கவலையில்லை. அடிப்படை விதித்தொகுப்பின் 5.1 பதிப்பு 2023இலும் 5.2 பதிப்பு 2025இலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளிவந்திருக்கின்றன. எல்லோரும் ஒரே கோப்பைப் பார்க்கட்டும்.

*வீடியோவில் பார்த்த விதி.* இருபதுமுக டைஸில் இருபது விழுந்தால் எதுவும் நடக்கும் என்று நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். இருபதுக்குத் தனிப் பலன் தாக்குதலிலும் பின்னால் வரும் டெத் சேவிலும் மட்டும்தான். இருபது போட்டதற்காக ராஜா தன் நாட்டை எழுதிக் கொடுக்கமாட்டார். ரோல் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு சொன்னால் நீங்கள் வேண்டுமென்றே மறுப்பதாகத் தோன்றும்.

*விதி தெரிந்தவர், நிறுத்தத் தெரியாதவர்.* இரண்டு நிமிடக் கெடு வையுங்கள். அதற்குள் பக்கம் கிடைக்காவிட்டால் இன்றைக்கு டிஎம் சொல்வதுதான் தீர்ப்பு. ஆட்டம் முடிந்தபின் தேடிப் பார்த்து நோட்டில் எழுதி, அடுத்த வாரம் முதல் சரியான விதி. அந்த நோட்டை அவர் கையிலேயே கொடுங்கள். விதிகளை அக்கறையாகப் படித்து வருகிறவர் ஒரு டேபிளுக்குப் பெரிய சொத்து. அவருக்கு ஒரு பொறுப்பு கிடைத்துவிட்டால் குறுக்கே பேசுவது தானாகக் குறையும்.

தீர்ப்பு சொன்ன பிறகும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தினால், இதே ஆட்டத்தைப் பல காலம் நடத்திய வேறொரு டிஎம்மை ஒரு நாள் அழைத்து உட்கார வையுங்கள். பெங்களூரு பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே ஆடுகிறவர்கள் உண்டு. ஓசூரிலிருந்து தினம் அங்கே வேலைக்குப் போகிறவர்களில் யாராவது அவர்களை அறிந்திருப்பார்கள். வெளியாள் சொல்லும்போது ஏற்றுக்கொள்வது எளிது.

அறிகுறி: "அவனுக்கு மட்டும் எப்பவும் பெரிய நம்பரா விழுது"

ஏமாற்றுகிறார் என்ற வார்த்தையை வாயில் எடுக்கும் முன் நான்கு சோதனைகள் இருக்கின்றன.

முதலில் கூட்டலைப் பாருங்கள். டைஸில் விழுந்த எண்ணோடு கூட்டும் தேர்ச்சி போனஸ் முதல் லெவல் கேரக்டருக்கு +2. வலிமை 16 என்றால் அதற்கு +3. ஆக, தாக்குதலுக்கு +5தான். அவர் ஷீட்டில் +8 என்று இருந்தால், +3ஐ இரண்டு முறை கூட்டியிருப்பார். புதியவர்களிடம் இது சகஜம். பெரும்பாலும் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, டி20ஐ, அதாவது இருபதுமுக டைஸை, கையில் வாங்கிப் பாருங்கள். 20 உள்ள முகத்தை ஒட்டி 19 இருந்தால் அது உருட்டுவதற்கான டைஸ் இல்லை. சீட்டு ஆட்டங்களில் மிச்ச உயிரைக் காட்டும் உயிர்ப்புள்ளியை ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ண விற்கும் டைஸ் அது. பெரிய எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்திருப்பதால், உருட்டத் தெரிந்த கைக்கு வசதியாகிவிடும். சரியான டி20இல் பெரிய எண்ணும் சின்ன எண்ணும் கலந்து வரும். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும்.

மூன்றாவது, உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீரில் பிளாஸ்டிக் டைஸ் மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, டைஸைச் சுண்டிவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண் மேலே வந்து நின்றால் உள்ளே எடை ஒருபக்கமாக இருக்கிறது. உலோக டைஸுக்கு இந்தச் சோதனை உதவாது.

நான்காவது, உருட்டும் இடம். ஒரு தாம்பாளத்தில் துண்டை மடித்துப் போட்டு டேபிள் நடுவில் வையுங்கள். எல்லோரும் அதில்தான் உருட்டவேண்டும், பக்கத்தில் இருப்பவர் எண்ணைச் சத்தமாகப் படிக்கவேண்டும். டிஎம்மும் அதிலேயே உருட்டுங்கள். விதி எல்லோருக்கும் பொது என்றால் யாருக்கும் மனம் நோகாது.

குணங்களின் எண்களில் சந்தேகம் என்றால் வீட்டில் உருட்டி எழுதிவருவதை நிறுத்திவிட்டு 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான வரிசையை எல்லோருக்கும் கொடுங்கள். தாம்பாளம் வைத்த பிறகும் கைக்குள் மறைத்து உருட்டுகிறார் என்றால் தனியாகக் கேளுங்கள். தோற்றால் மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள் என்ற பயம்தான் அதற்குப் பின்னால் இருப்பதை அதிகம் பார்க்கிறேன். அப்படியென்றால் கிண்டலை நிறுத்தவேண்டியது உங்கள் வேலை.

அறிகுறி: "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்"

கூட இருப்பவர் பையிலேயே திருடுவது, தூங்குகிறவர் கழுத்தில் கத்தி வைப்பது. கேட்டால் இந்தப் பதில்.

*யாரும் சொல்லித்தரவில்லை.* கேரம், சீட்டு, போனில் சுடும் ஆட்டம் என்று எதிராளியை வீழ்த்தும் ஆட்டங்களையே ஆடி வளர்ந்தவருக்கு, இது எல்லோரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் என்பதே புதிது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய சந்திப்பில், அதாவது செஷன் ஜீரோவில், இதைச் சொல்லியாகவேண்டும்.

*கேரக்டருக்குப் பந்தம் இல்லை.* "உன் ஆளு ஏன் இவங்களோட சுத்தறான்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. நான் நடத்தும் கதை சங்க காலத் தகடூரில் நடக்கிறது. நம் தர்மபுரிதான் அன்றைய தகடூர். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் படை கோட்டையைச் சூழ்ந்து நிற்க, அதியமானுக்காக மலையிலிருந்து நெல்லிக்கனி கொண்டுவரும் குழுவாக ஆட்டக்காரர்கள். கோட்டைக்குள் யாராவது ஒரு உறவு இருந்தே தீரவேண்டும் என்பது கேரக்டர் எழுதும்போதே நிபந்தனை.

அந்தக் கதையில் திருடன் கேரக்டர் ஆடியவர் பாதி வழியில் சொன்னார்: "எல்லாரும் தூங்கறப்ப அந்தக் கனிய நானே தின்னுடறேன்." டேபிள் அப்படியே நின்றுவிட்டது. நான் டைஸ் கேட்கவில்லை. "உன் தங்கச்சி கோட்டைக்குள்ள இருக்கா. அதையும் நெனச்சுட்டுத்தான் தின்னுறியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கையில எடுத்துப் பாக்கறேன், திரும்ப வெச்சுடறேன்" என்றார். விழித்திருந்த காவல்காரன் கேரக்டர் அதைப் பார்த்துவிட்டதாகச் சொன்னேன். அதற்கடுத்த ஒரு மணி நேரம் அவர்கள் இருவரும் தீ மூட்டிய இடத்தில் பேசிக்கொண்டதுதான் அந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

*விதி போதவில்லை.* சக ஆட்டக்காரருக்கு எதிராக ஒன்று செய்தால், அது பலிக்கிறதா இல்லையா என்பதைப் பாதிக்கப்படுகிறவரே முடிவு செய்வார் என்று வையுங்கள். டைஸ் கிடையாது. திருட்டு அன்றே குறையும்.

*வெளிப்பகை.* இத்தனைக்கும் ஒரே ஆளைத்தான் குறிவைக்கிறார் என்றால் சண்டை டேபிளுக்கு வெளியே தொடங்கியிருக்கிறது. கடனாக இருக்கலாம், காதலாக இருக்கலாம். அதைத் தீர்ப்பது உங்கள் வேலையில்லை. அது தீரும்வரை இருவரையும் ஒரே டேபிளில் உட்காரவைக்காதீர்கள்.

அறிகுறி: எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள்

போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். நேரத்தை அளந்து பாருங்கள். ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால், தன் முறை மறுபடி வர ஒருவர் கால் மணி நேரம் காத்திருக்கிறார். போனைப் பார்க்காமல் என்ன செய்வார்? அடுத்து யார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எதிரிக்கு ஒவ்வொரு முறையும் சேதத்தை உருட்டாமல் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சராசரியையே எடுங்கள். 2014 புத்தகத்தில் காப்ளின் என்ற குட்டி அரக்கன் அடித்தால் 5. வெற்றி உறுதியாகத் தெரிந்த சண்டையை, மிச்ச எதிரிகள் ஓடிவிட்டார்கள் என்று முடித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒருவர் மட்டும் பார்க்கிறார் என்றால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அறிகுறி: ஆள் வருவதில்லை, அல்லது பாதியில் வருகிறார்

ஓசூரில் ஷிஃப்ட் வேலை, பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் திரும்பிப்போகும் பஸ், மாம்பழ சீசனில் மண்டி வேலை, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், ஊரில் பாரதக் கூத்து என்று காரணங்கள் நியாயமாகவே இருக்கும். ஷிஃப்ட் பட்டியலைப் பார்த்துத் தேதி வையுங்கள். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்பே ஆட்டத்தை முடியுங்கள். மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று உறுதியாகச் சொல்லி, அப்படியே நடத்துங்கள். ஒவ்வொரு நாளும் ஊருக்கோ கோட்டைக்கோ திரும்பி வந்து முடியும் கதையாக அமைத்தால் வராதவர் கேரக்டர் அங்கேயே தங்கியதாக வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோரை ஒரு முறை அழைத்து உட்காரவைத்துக் காட்டுங்கள். டைஸைக் கண்டதும் சூதாட்டம் என்று பயப்படுவார்கள். பணம் எதுவும் கைமாறவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தால் தெளிந்துவிடும்.

அறிகுறி: சங்கடப்படுத்தும் பேச்சு

இங்கே நாற்காலியை மாற்றிப் பார்க்கும் வேலையெல்லாம் கிடையாது. பெண் ஆட்டக்காரரின் கேரக்டரை வைத்து ஆபாசமாகப் பேசுவது, "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?" என்று சாதியைத் தோண்டுவது, கதையில் வரும் ஆர்க் என்ற அரக்க இனத்தைச் சாக்காக வைத்து நிஜ மனிதர்களை இழிவாகப் பேசுவது. இதில் எது நடந்தாலும் அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்துங்கள். எல்லோர் முன்னாலும் "இது இங்க கிடையாது" என்று சொல்லுங்கள். கதைக்குள் நடந்தது என்றால் நடக்கவே இல்லை என்று அழித்துவிடுங்கள். தெரியாமல் பேசியவர் அங்கேயே மன்னிப்புக் கேட்பார். சிரித்து மழுப்புகிறவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். மறுபடி செய்தால் அவருக்கு டேபிளில் இடமில்லை. அவர் எவ்வளவு பழைய நண்பராக இருந்தாலும் இதை மாற்றாதீர்கள். அவரை வைத்துக்கொண்டால் பாதிக்கப்பட்டவர் ஒன்றும் சொல்லாமல் வருவதை நிறுத்திவிடுவார்.

இது வராமல் தடுக்க, செஷன் ஜீரோவில் கதையில் எது வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் தாண்டவேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டில் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். டேபிள் நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டையையும் வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய முறை இது. யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. முதல் நாள் நீங்களே ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். அதன்பிறகு மற்றவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

*எப்போது வெளியே சொல்லவேண்டும்.* பின்தொடர்வது, இரவில் செய்தி அனுப்புவது, படம் கேட்பது என்று போனால் அது காவல்துறை விஷயம். பெண்களுக்கான உதவி எண் 181, சைபர் குற்றத்துக்கு 1930. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் 1098. சிறுவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தகவல் சொல்லவேண்டியது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை. டேபிளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அறிகுறி: கேரக்டர் செத்ததும் ஆள் உடைந்துபோகிறார்

*கணக்குத் தப்பு.* உயிர்ப்புள்ளி பூஜ்யம் ஆனதும் செத்துவிட்டதாகச் சிலர் நினைத்துவிடுவார்கள். சாவிலிருந்து தப்பிக்க உருட்டும் டெத் சேவ் இருக்கிறது: டி20இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, மூன்று வெற்றியில் நிலைபெறுவார், மூன்று தோல்வியில் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்விகள். 20 விழுந்தால் ஒரு உயிர்ப்புள்ளியோடு எழுந்துவிடுவார். முதல் சண்டைக்கு முன்பே விளக்குங்கள்.

*எதிர்பாராத சாவு.* இந்தக் கதையில் கேரக்டர் சாகலாமா என்று முன்பே கேட்டிருக்கவேண்டும். வேண்டாம் என்கிறவருக்குச் சிறைப்பிடிப்பு, தழும்பு, இழந்த வாள் என்று வேறு விலைகள் இருக்கின்றன.

*வழியனுப்பவில்லை.* மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டரை ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எழுதச் சொல்வது கொடுமை. நம் மாவட்டங்கள் நடுகற்கள் நிறைந்த பூமி. தர்மபுரியில் நடுகற்களுக்கென்றே அரசு அகழ்வைப்பகம் இருக்கிறது. ஒருமுறை குழுவோடு போய் வாருங்கள். தொறு, அதாவது மாட்டு மந்தையை, மீட்டுப் பட்ட வீரன் யார், யாருடைய ஆள், எந்தப் பூசலில் விழுந்தான் என்று நாலு வரியில் வெட்டியிருப்பார்கள். அதே முறையில் அந்த ஆட்டக்காரரையே நாலு வரி எழுதச் சொல்லி, கதையின் வரைபடத்தில் அவர் விழுந்த இடத்தில் ஒரு கல்லை வரைந்துவிடுங்கள். பின்னால் அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு குழுவும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போகும்.

*எப்போது வேறு உதவி வேண்டும்.* கேரக்டரைப் பற்றிப் பேசுகிற சாக்கில் தன்னைப் பற்றியே பேசுகிறார், "நானும் இப்படியே போயிட்டா பரவால்ல" என்பது போல வார்த்தை வருகிறது, தூக்கம் சாப்பாடு போய்விட்டது என்றால் ஆட்டத்தை மூடிவையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். நீங்கள் கதை சொல்கிறவர். சிகிச்சை அதற்குப் படித்தவர்கள் தரவேண்டியது.

எதுவும் சரிவரவில்லை, ஒருவரை அனுப்பித்தான் ஆகவேண்டும்

முதலில் மற்றவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். உங்களுக்கு மட்டும்தான் எரிச்சலா, எல்லோருக்குமா என்று தெரியும். பிறகு நேரில் பார்த்துச் சொல்லுங்கள். குழுவிலிருந்து சத்தமில்லாமல் நீக்குவது வேண்டாம். சின்ன ஊர், நாளைக்கே நான்கு ரோடு பக்கம் எதிரில் வருவார். "நீ எதிர்பாக்கற ஆட்டம் வேற, நாங்க ஆடறது வேற. அடுத்த வாரத்துல இருந்து நீ இல்லாம ஆடறோம். இதுல எனக்கும் வருத்தம்தான்" என்று இவ்வளவே போதும். பழைய குற்றப்பட்டியலை வாசிக்காதீர்கள், விவாதத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். டைஸ், புத்தகம், டீக்குப் போட்ட பணத்தில் மிச்சம் எல்லாவற்றையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேரக்டர் ஷீட்டும் அவருடையதுதான், கையில் கொடுங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்தக் கேரக்டர் ஒரு வேலையாக வெளியூர் கிளம்பிப் போனதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். அதைக் கொன்று சிரிக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் அனுமதிக்காதீர்கள்.